ஒரே சப்நெட்டில் இரண்டு நெட்வொர்க் கார்டு: எங்கே சிக்குகிறது, எப்படிச் சரிசெய்வது

சர்வரில் இரண்டு ஈதர்நெட் போர்ட் இருக்கிறது. ஒன்று பயன்பாட்டில் இருக்கிறது, இன்னொன்று சும்மா கிடக்கிறது. அதிலும் ஒரு கேபிளைச் செருகி, அதே ஸ்விட்சில் மாட்டி, பக்கத்து ஐபி முகவரி ஒன்றைக் கொடுத்துவிட்டால் வேகம் இரட்டிப்பாகும், ஒன்று போனாலும் மற்றது தாங்கும் என்று யாருக்கும் தோன்றும். செய்து பார்த்தால் பிங் போகிறது, இரண்டு முகவரியிலிருந்தும் பதில் வருகிறது. வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறோம்.

உண்மையில் அந்த இரண்டாவது கார்டு நாம் நினைத்த வேலையைச் செய்வதே இல்லை. பெரும்பாலும் அது பாக்கெட்டுகளை (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டுகளை) வாங்கிக்கொள்ளும், ஏறக்குறைய எதையும் வெளியே அனுப்பாது. முதல் கார்டின் கேபிள் கழன்ற அன்றுதான் இது தெரியவரும். இது ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொண்டால் போதும், என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும். அதனால் முதலில் உள்ளே நடப்பதை நிதானமாகப் பார்த்துவிடுவோம்.

கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன். லினக்ஸ் ஓடும் ஒரு சர்வர். அதில் ஈத்0 என்ற கார்டுக்கு 192.168.1.10, ஈத்1 என்ற கார்டுக்கு 192.168.1.11. ஈத்0-இன் மேக் முகவரி (கார்டின் வன்பொருள் அடையாள எண்) 01 என்று முடிகிறது, ஈத்1-இன் மேக் முகவரி 02 என்று முடிகிறது. இரண்டும் ஒரே ஸ்விட்சில் இருக்கின்றன. கேட்வே, அதாவது வெளி நெட்வொர்க்குக்குப் போக உதவும் ரூட்டர், 192.168.1.1. அதே ஸ்விட்சில் 192.168.1.50 என்ற முகவரியோடு ஒரு கிளையன்ட் கணினியும் இருக்கிறது.

சப்நெட் என்றால் கணினிக்கு என்ன அர்த்தம்?

ஈத்0-க்கு முகவரி கொடுக்கும்போது 192.168.1.10/24 என்று எழுதுகிறோம். அந்த /24 சொல்வது இதுதான்: முகவரியின் முதல் 24 பிட்டுகள் யாருக்கெல்லாம் ஒத்துப்போகிறதோ அவர்கள் எல்லாம் நேரடியாக எட்டக்கூடியவர்கள், ரூட்டர் தேவையில்லை. 255.255.255.0 என்று எழுதினாலும் அதே பொருள்தான்.

முகவரியைக் கொடுத்த மறுகணம் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தன் ரூட்டிங் டேபிளில், அதாவது எங்கே போக எந்த வழி என்ற பட்டியலில், ஒரு வரியைத் தானாகவே சேர்த்துக்கொள்கிறது: 192.168.1.0/24-க்குப் போக வேண்டுமானால் ஈத்0 வழியாகப் போ. ஈத்1-க்கும் 192.168.1.11/24 என்று கொடுத்ததும் இரண்டாவது வரி வருகிறது: 192.168.1.0/24-க்குப் போக வேண்டுமானால் ஈத்1 வழியாகப் போ. ஒரே இடத்துக்கு இரண்டு வழி. சிக்கல் முழுக்க இந்த இரண்டு வரியில்தான் தொடங்குகிறது.

ஒரு பாக்கெட்டை அனுப்பும்போது கெர்னல் ரூட்டிங் டேபிளில் தேடுவது சேருமிட முகவரியை வைத்துத்தான். அந்த பாக்கெட் எந்த முகவரியிலிருந்து கிளம்புகிறது என்பதைச் சாதாரணமாக அது பார்ப்பதில்லை. பொருந்தும் வரிகளில் மிகக் குறுகிய வட்டத்தைச் சொல்லும் வரி எதுவோ அது ஜெயிக்கும். இங்கே இரண்டுமே /24, ஆக சமம். அடுத்து மெட்ரிக் என்ற எண்ணைப் பார்க்கும், குறைவாக இருப்பது ஜெயிக்கும். அதுவும் சமமாக இருந்தால் பட்டியலில் முன்னால் இருப்பது. எப்படிப் பார்த்தாலும் ஒரே ஒரு வரிதான் தேர்வாகும், ஒவ்வொரு முறையும் அதே வரி. நம் உதாரணத்தில் அது ஈத்0 என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு பாக்கெட்டின் பின்னால் போய்ப் பார்ப்போம்

கிளையன்ட் 192.168.1.50, சர்வரின் 192.168.1.11-ஐ அழைக்கிறது. டிசிபி இணைப்பைத் தொடங்கும் முதல் பாக்கெட் ஈத்1-க்கு வந்து சேர்கிறது. வெப் சர்வர் அதை எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறது. பதிலின் மூல முகவரி 192.168.1.11, சேருமிடம் 192.168.1.50. இதுவரை எல்லாம் ஒழுங்கு.

இப்போது கெர்னல் அந்தப் பதிலை எந்தக் கார்டில் அனுப்புவது என்று தேடுகிறது. சேருமிடம் 192.168.1.50. டேபிளில் முதலில் பொருந்துவது ஈத்0. ஆக, ஈத்1 வழியாக வந்த கேள்விக்கான பதில் ஈத்0 வழியாகக் கிளம்புகிறது. அதன் ஈதர்நெட் தலைப்பில் 01 என்று முடியும் மேக் முகவரி, அதற்குள்ளே இருக்கும் ஐபி தலைப்பில் 192.168.1.11. வீட்டுக்கு இரண்டு வாசல் இருக்கிறது, யார் எந்த வாசலில் வந்து கதவைத் தட்டினாலும் வீட்டுக்காரர் எப்போதும் முன்வாசல் வழியாகவே வெளியே வருகிறார் என்பது போல.

கிளையன்ட் இதைக் கண்டுகொள்ளாது. ஐபி முகவரியும் போர்ட் எண்ணும் சரியாக இருந்தால் அதற்குப் போதும், எந்த மேக் முகவரியிலிருந்து வந்தது என்று சரிபார்ப்பதில்லை. இணைப்பு நன்றாகவே ஓடும். சிக்கல் பல மாதம் கண்ணில் படாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

இதன் விளைவுகள் என்ன? வெளியே போகும் போக்குவரத்து முழுக்க ஈத்0-இல். அது 1 கிகாபிட் கார்டு என்றால் சர்வர் அனுப்பக்கூடிய உச்சம் 1 கிகாபிட்தான், பக்கத்தில் இன்னொரு 1 கிகாபிட் கார்டு இருந்தும் பயனில்லை. ஃபைல் சர்வர், வெப் சர்வர் போன்றவை வாங்குவதைவிட அனுப்புவதே அதிகம் என்பதால் இது நேராக அடிமடியில் கை வைக்கும் விஷயம்.

இன்னொரு விளைவு ஸ்விட்சில் நடக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. எந்த மேக் முகவரி எந்த போர்ட்டில் இருக்கிறது என்பதை ஸ்விட்ச் எப்படித் தெரிந்துகொள்கிறது? அந்த போர்ட்டிலிருந்து வரும் ஃபிரேம்களின் (ஈதர்நெட் தலைப்போடு கேபிளில் ஓடும் பாக்கெட்டுகளின்) மூல மேக்கைப் பார்த்துத்தான். ஈத்1 எதையுமே அனுப்பாவிட்டால் 02 என்று முடியும் மேக்கை ஸ்விட்ச் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். பல ஸ்விட்சுகளில் இந்த நேரம் இயல்பாக 300 வினாடி. ஆனால் கிளையன்ட் கணினிகள் இன்னும் அந்த மேக்குக்குத்தான் அனுப்பிக்கொண்டிருக்கும். இந்த மேக் எங்கே இருக்கிறது என்று தெரியாத ஸ்விட்ச், வந்த ஃபிரேமை எல்லா போர்ட்டுக்கும் நகலெடுத்து அனுப்பும். சர்வருக்குப் போகும் பெரிய கோப்பு ஒன்று அந்த ஸ்விட்சில் இருக்கும் எல்லாக் கணினிகளின் கேபிளிலும் ஓடும். நெட்வொர்க் முழுக்க ஏன் மந்தமாக இருக்கிறது என்று ஸ்விட்சையும் கேபிளையும் மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஈத்1 எப்போதாவது ஏஆர்பி பதில் (ஒரு ஐபிக்கு உரிய மேக் எது என்ற கேள்விக்கான பதில், இதைப் பின்னால் பார்ப்போம்) அனுப்பும்போது ஸ்விட்சுக்கு மீண்டும் நினைவு வரும், பிறகு மறுபடியும் மறக்கும். அதனால் இந்தக் கோளாறு வந்து வந்து போகும்.

முகவரி யாருக்குச் சொந்தம்?

லினக்ஸில் ஐபி முகவரி ஒரு கார்டின் மேல் எழுதப்பட்டாலும், அது அந்தக் கணினிக்குச் சொந்தம். கார்டுக்குச் சொந்தமல்ல. நான் இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான், ஏனென்றால் மற்ற எல்லாக் குழப்பமும் இதிலிருந்தே கிளைக்கிறது.

1989 அக்டோபரில் வெளியான ஆர்எஃப்சி 1122 என்ற இணையத் தர ஆவணம் இதில் இரண்டு போக்குகளையும் விவரிக்கிறது. ஒன்று வலுவான மாதிரி: ஒரு கார்டுக்கு வரும் பாக்கெட்டில் அந்தக் கார்டின் முகவரி இருந்தால்தான் ஏற்பேன், அனுப்பும்போதும் அந்த முகவரிக்குரிய கார்டில்தான் அனுப்புவேன். மற்றது தளர்வான மாதிரி: எந்தக் கார்டில் வந்தாலும் சரி, என் கணினியின் முகவரி என்றால் ஏற்பேன், எந்தக் கார்டில் வேண்டுமானாலும் அனுப்புவேன். அந்த ஆவணம் இரண்டையும் அனுமதிக்கிறது. லினக்ஸ் தளர்வான மாதிரி. விண்டோஸ், விஸ்டா மற்றும் சர்வர் 2008 தொடங்கி வலுவான மாதிரிக்கு மாறிவிட்டது. அதற்கு முந்தைய எக்ஸ்பி, சர்வர் 2003 ஆகியவை ஐபிவி4-இல் தளர்வாகத்தான் நடந்துகொண்டன. ஒரே அமைப்பு விண்டோஸில் ஒரு மாதிரியும் லினக்ஸில் வேறு மாதிரியும் நடப்பது இதனால்தான்.

ஏஆர்பியில் வரும் குழப்பம்

192.168.1.11-க்கு ஃபிரேம் அனுப்ப கிளையன்டுக்கு ஒரு மேக் முகவரி வேண்டும். அதற்காக அது எல்லோரையும் பார்த்து "192.168.1.11 யாரிடம் இருக்கிறது?" என்று கேட்கிறது. இதுதான் ஏஆர்பி, 1982-இல் ஆர்எஃப்சி 826-ஆக வந்தது, இன்றுவரை அப்படியே ஓடுகிறது.

கேள்வி எல்லோருக்கும் போவதால் ஈத்0-க்கும் வருகிறது, ஈத்1-க்கும் வருகிறது. தளர்வான மாதிரியில் இருக்கும் லினக்ஸ், முகவரி கணினியுடையதுதானே என்று இரண்டு கார்டிலும் பதில் சொல்கிறது. ஈத்0 சொல்கிறது: 192.168.1.11 என்னிடம், என் மேக் 01. ஈத்1 சொல்கிறது: 192.168.1.11 என்னிடம், என் மேக் 02. கிளையன்ட் எதை நம்பும்? எது எப்போது வந்து சேர்கிறது என்பதையும் கிளையன்டின் இயங்குதளத்தையும் பொறுத்தது. ஒரு கிளையன்ட் 01-ஐ எழுதிக்கொள்ளும், பக்கத்தில் இருப்பது 02-ஐ எழுதிக்கொள்ளும், அடுத்த முறை கேட்கும்போது மாறலாம். இதை ஏஆர்பி ஃப்ளக்ஸ் என்பார்கள்.

ஆக, ஈத்1-க்கு என்று நீங்கள் ஒதுக்கிய முகவரியின் போக்குவரத்து ஈத்0-இல் வந்து இறங்கலாம். இது தற்செயலைப் பொறுத்தது என்பதுதான் இதில் மோசமான பகுதி. இன்று சோதித்தபோது சரியாக இருந்தது நாளை இருக்காது.

பாக்கெட் சத்தமில்லாமல் காணாமல் போகும் இடம்

லினக்ஸில் ரிவர்ஸ் பாத் ஃபில்டர் என்று ஒரு காவல் இருக்கிறது. ஒரு பாக்கெட் வந்ததும் கெர்னல் தன்னையே கேட்டுக்கொள்கிறது: இதை அனுப்பியவருக்கு நான் பதில் அனுப்பினால் இதே கார்டு வழியாக அனுப்புவேனா? இல்லை என்றால் மூல முகவரி போலியாக இருக்கலாம் என்று கருதித் தூக்கி எறிந்துவிடும். மதிப்பு 0 என்றால் இந்தச் சோதனை இல்லை. 1 என்றால் கண்டிப்பான சோதனை. 2 என்றால் தளர்வான சோதனை, ஏதாவது ஒரு கார்டு வழியாக அனுப்பியவரை எட்ட முடிந்தால் போதும். முகவரி மோசடியைத் தடுக்க நல்ல ஏற்பாடு, 2004-இல் வந்த ஆர்எஃப்சி 3704 இந்த முறைகளைப் பேசுகிறது.

நம் சர்வரில் இது 1 என்று இருந்தால்? கிளையன்டின் பாக்கெட் ஈத்1-க்கு வருகிறது. 192.168.1.50-க்குப் பதில் அனுப்பும் வழி டேபிளின்படி ஈத்0. பொருந்தவில்லை, எறி. ஈத்1-இல் ஏஆர்பி கேள்வி வந்தாலும் இதே கதிதான், பதில் போகாது. டிசிபிடம்ப் என்ற பாக்கெட் பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்தால் பாக்கெட் கார்டுக்கு வருவது கண்ணுக்குத் தெரியும், ஆனால் அப்ளிகேஷனுக்குப் போய்ச் சேராது. லாகிலும் ஒன்றும் இருக்காது. ஃபயர்வாலைத்தான் எல்லோரும் முதலில் சந்தேகிப்பார்கள். இப்படி ஒரு நிலை வந்தால் லாக் மார்ஷியன்ஸ் என்ற கெர்னல் அமைப்பைக் கொஞ்ச நேரம் இயக்கி வையுங்கள், எறியப்படும் பாக்கெட்டுகள் கெர்னல் லாகில் வர ஆரம்பிக்கும்.

இந்த மதிப்பு இயல்பாக என்னவாக இருக்கும் என்பது டிஸ்ட்ரிபியூஷனுக்கு டிஸ்ட்ரிபியூஷன் மாறும். அதனால் ஊகிக்காமல் பார்த்துவிடுவது நல்லது. ஒன்றைக் கவனியுங்கள்: இது கார்டுக்கு ஒன்று, "ஆல்" என்ற பொதுப் பகுதிக்கு ஒன்று என இரண்டு இடத்தில் இருக்கும், இரண்டில் எது பெரிய எண்ணோ அதுவே செல்லும். ஈத்1-இல் 0 என்று எழுதிவிட்டு ஆலில் 1 இருந்தால் 1-தான்.

ஒரு கார்டு போனால் மற்றது தாங்குமா?

தாங்காது, குறைந்தபட்சம் தானாகத் தாங்காது. ஈத்0-இன் கேபிளைப் பிடுங்கினால் அந்தக் கார்டின் முகவரியும் ரூட்டிங் வரியும் கெர்னலில் அப்படியே இருக்கும். வரியின் ஓரத்தில் லிங்க் டவுன் என்று ஒரு குறிப்பு மட்டும் விழும். சேருமிடம் தேடும்போது அதே வரியே மறுபடி தேர்வாகும், பாக்கெட்டுகள் உயிரில்லாத கார்டுக்குப் போய் முடியும். ஈத்1 நல்ல நிலையில் இருந்தும் 192.168.1.11-உம் சேர்ந்து படுத்துவிடும். நெட்வொர்க் அமைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜர் போன்ற மென்பொருள் ஒன்று மேலே இருந்தால் சில வினாடிகளில் அந்த இணைப்பை இறக்கிவிட்டு வரியை நீக்கும், அப்போது ஈத்1 பிழைக்கும். அப்போதும்கூட 192.168.1.10-ஐ நம்பியிருந்த இணைப்புகள் போனது போனதுதான், அந்த முகவரி ஈத்1-க்கு இடம் மாறாது.

உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்

இந்த அமைப்பைக் கேட்டு வருபவர்களில் பெரும்பாலானோருக்கு உண்மையில் தேவை இது அல்ல. அதனால் கட்டளைகளுக்குப் போகும் முன் தேவை எது என்று பார்க்கச் சொல்வேன்.

இரண்டு ஐபி முகவரி வேண்டும், அவ்வளவுதான் என்றால் இரண்டாவது கார்டே தேவையில்லை. ஒரே கார்டில் எத்தனை முகவரி வேண்டுமானாலும் வைக்கலாம். நிர்வாகப் போக்குவரத்தையும் பேக்கப் போக்குவரத்தையும் பிரிக்க வேண்டும் என்றால் இரண்டாவது கார்டை வேறு சப்நெட்டில் வையுங்கள், 192.168.2.0/24 என்று ஒன்றை ஒதுக்கி, முடிந்தால் அதற்குத் தனி விலேனும் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்) கொடுங்கள். டேபிளில் இருக்கும் இரண்டு வரிகளும் வெவ்வேறு இடத்தைச் சொல்லும், மேலே பார்த்த சிக்கல்களில் முக்கால்வாசி மறைந்துவிடும். மெய்நிகர் கணினிகளுக்காக ஒரு கார்டு என்றால் அதை பிரிட்ஜில் (கணினிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள் ஸ்விட்சில்) சேர்த்துவிட்டு, ஹோஸ்டில் அதற்கு ஐபி முகவரியே கொடுக்காதீர்கள். முகவரி இல்லாத கார்டுக்கு ரூட்டிங் வரியும் இல்லை, குழப்பமும் இல்லை. ஆனால் இரண்டு கார்டையும் ஒரே பிரிட்ஜில் போட்டு, இரண்டையும் ஒரே ஸ்விட்சில் செருகிவிடாதீர்கள். அது ஒரு வளையம். வளையத்தைக் கண்டுபிடித்துத் துண்டிக்கும் ஸ்பானிங் ட்ரீ இல்லை என்றால் எல்லோருக்கும் போகும் பிராட்காஸ்ட் ஃபிரேம்கள் முடிவே இல்லாமல் சுற்றிச்சுற்றி நெட்வொர்க்கையே முடக்கிவிடும்.

வேகமோ, ஒன்று போனால் மற்றது தாங்குவதோ தேவை என்றால் அதற்கென்றே இருப்பது பாண்டிங். இரண்டு கார்டுகளையும் சேர்த்து பாண்ட்0 என்ற ஒரே கார்டாகக் கெர்னலுக்குக் காட்டுவது. ஐபி முகவரி பாண்ட்0-க்கு மட்டும், ரூட்டிங் வரியும் ஒன்றே ஒன்று. லினக்ஸில் இதற்கு ஏழு முறைகள் இருக்கின்றன, 0 முதல் 6 வரை. ஆரம்பிப்பவர்கள் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும்.

முறை 1, ஆக்டிவ் பேக்கப். ஒரு கார்டு வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். முதலாவது போனதும் இரண்டாவது அதே முகவரியோடு எடுத்துக்கொள்ளும், ஸ்விட்சுக்குத் தெரிவிக்க ஏஆர்பி அறிவிப்பும் அனுப்பும். ஸ்விட்சில் எதுவும் செய்யத் தேவையில்லை, இரண்டு கேபிளையும் இரண்டு தனித்தனி ஸ்விட்சில்கூட மாட்டலாம். தாங்கும் திறன்தான் குறிக்கோள் என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் பரிந்துரைப்பேன். எளிமையானது, உடைவதற்கு இதில் அதிகம் ஒன்றும் இல்லை. லிங்க் இருக்கிறதா என்று எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதை எம்ஐஐமான் என்ற மதிப்பில் கொடுக்க மறக்காதீர்கள், 100 மில்லிவினாடி என்பது வழக்கம்.

முறை 4, எல்ஏசிபி. இரண்டு கார்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். 2000-இல் 802.3ஏடி என்று தரப்படுத்தப்பட்டு, 2008-இல் 802.1ஏஎக்ஸ் என்ற தனித் தரமாக மாறியது. ஸ்விட்சும் எல்ஏசிபி பேச வேண்டும், அங்கேயும் அமைக்க வேண்டும். இதில் பலருக்கும் ஏமாற்றம் வரும் ஒரு இடம் இருக்கிறது: ஒரே ஒரு கோப்பை ஒரே ஒரு கிளையன்டுக்கு அனுப்பினால் வேகம் 1 கிகாபிட்டைத் தாண்டாது. பாக்கெட்டுகள் வரிசை மாறாமல் போக வேண்டும் என்பதற்காக, ஒரு இணைப்பின் பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே கேபிளில் போகும். எந்தக் கேபிள் என்பதை ஒரு ஹாஷ் கணக்கு முடிவுசெய்யும். அந்தக் கணக்கு இயல்பாக மேக் முகவரிகளை வைத்தே நடக்கும். உங்கள் கிளையன்ட்கள் எல்லோரும் ரூட்டருக்கு அப்பால் இருந்தால் சேருமிட மேக் எப்போதும் ரூட்டரின் மேக், ஆக எல்லாம் ஒரே கேபிளில் போய்விடும். ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் சேர்த்துக் கணக்கிடும் லேயர் 3+4 முறைக்கு மாற்றினால் பங்கீடு நன்றாக இருக்கும்.

ஒரே சப்நெட்டில்தான் வேண்டும் என்றால்

நியாயமான தேவைகளும் உண்டு. நெட்வொர்க் வழியாக வட்டை இணைக்கும் ஐஎஸ்சிஎஸ்ஐ ஸ்டோரேஜ் ஒன்றை இரண்டு பாதையில் இணைக்கும்போது பாண்டிங்குக்குப் பதிலாக மல்டிபாத் (இரண்டு பாதைகளையும் தனித்தனியாகவே வைத்து நிர்வகிக்கும் முறை) பயன்படுத்துவது வழக்கம், அங்கே இரண்டு கார்டும் ஒரே சப்நெட்டில் இருக்க நேரலாம். ஒரு குறிப்பிட்ட சேவையின் போக்குவரத்து ஒரு குறிப்பிட்ட கேபிளில்தான் வர வேண்டும், சப்நெட்டை மாற்ற அனுமதி இல்லை என்ற நிலையும் வரும். அப்போது லினக்ஸை வலுவான மாதிரி போல நடக்கவைக்க வேண்டும். மூன்று வேலை.

முதலில் ஏஆர்பி. ஏஆர்பி இக்னோர் என்ற கெர்னல் அமைப்பை 1 ஆக்குங்கள். கேட்கப்படும் முகவரி, கேள்வி வந்த கார்டிலேயே இருந்தால் மட்டும் பதில் சொல்லும். ஏஆர்பி அனவுன்ஸ் என்பதை 2 ஆக்குங்கள். சர்வர் தானே ஏஆர்பி கேள்வி கேட்கும்போது, அனுப்பும் கார்டுக்கு உரிய முகவரியையே மூலமாகப் போடும். இரண்டாவதை விட்டுவிடுபவர்கள் அதிகம். ஏஆர்பி கேள்வியிலும் கேட்பவரின் ஐபி, மேக் இரண்டும் இருக்கும், எதிர்ப்பக்கம் அதைப் பார்த்தும் தன் பட்டியலைத் திருத்திக்கொள்ளும். ஈத்0-இலிருந்து 192.168.1.11 என்ற பெயரில் ஒரு கேள்வி போனால் முதல் வேலையில் கட்டியது அங்கேயே அவிழ்ந்துவிடும்.

இரண்டாவது ரூட்டிங். மூல முகவரியைப் பார்த்து வழி தேடச் சொல்ல வேண்டும். லினக்ஸில் ரூட்டிங் டேபிள் ஒன்றுதான் என்று இல்லை, பல வைத்துக்கொள்ளலாம். மெயின் என்ற வழக்கமான டேபிளின் எண் 254. நமக்கென்று 101, 102 என இரண்டு புதிய டேபிள்களை வைத்துக்கொள்வோம். 101-இல் இரண்டு வரி: 192.168.1.0/24-க்கு ஈத்0 வழி, மூலம் 192.168.1.10. மற்ற எல்லாவற்றுக்கும் 192.168.1.1, ஈத்0 வழி. 102-இலும் அதே இரண்டு வரி, ஈத்1, மூலம் 192.168.1.11 என்று. அப்புறம் ஐபி ரூல் கட்டளையால் இரண்டு விதி: 192.168.1.10-இலிருந்து கிளம்புவது 101-ஐப் பார்க்கட்டும், 192.168.1.11-இலிருந்து கிளம்புவது 102-ஐப் பார்க்கட்டும். மெயின் டேபிளைப் பார்க்கச் சொல்லும் விதியின் முன்னுரிமை எண் 32766. நம் விதிகளின் எண் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும், அப்போதுதான் முதலில் பார்க்கப்படும்.

சப்நெட்டுக்கான வரியைப் புதிய டேபிளில் சேர்க்க மறந்துவிட்டு, கேட்வே வரியை மட்டும் போட்டால் என்ன ஆகும்? பக்கத்தில் இருக்கும் 192.168.1.50-க்குப் போகும் பதில்கூட ரூட்டருக்குப் போய்த் திரும்பும். சில ரூட்டர்கள் அதைத் திருப்பி அனுப்பும், சில அனுப்பாது. இரண்டு வரியும் அவசியம்.

மூன்றாவது ரிவர்ஸ் பாத் ஃபில்டர். விதிகள் சரியாக இருந்தால் மதிப்பு 1 இருந்தாலும் அந்தச் சோதனையில் தேறிவிடும், ஏனென்றால் திரும்பும் வழியைத் தேடும்போது கெர்னல் இந்த விதிகளையும் பார்க்கிறது. ஆனாலும் 2 வைப்பது நிம்மதி. ஒரு விதியில் எழுத்துப்பிழை இருந்தாலும் கார்டு மொத்தமாக ஊமையாகிவிடாது. ஆலில் 1 இருந்தாலும் கார்டில் 2 என்று எழுதினால் பெரிய எண்ணான 2 செல்லும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு எல்லை இருக்கிறது. இந்த விதிகள் மூல முகவரி ஏற்கெனவே முடிவான பாக்கெட்டுக்குத்தான் பொருந்தும். வந்த டிசிபி இணைப்புக்குப் பதில் சொல்லும்போது மூலம் தெரிந்ததே, ஆகவே சரியான கார்டில் போகும். சர்வர் தானாக வெளியே ஒரு இணைப்பைத் தொடங்கினால் மூலம் இன்னும் முடிவாகவில்லை. கெர்னல் மெயின் டேபிளைப் பார்த்து ஈத்0-ஐயும் 192.168.1.10-ஐயும் எடுத்துக்கொள்ளும். அதை ஈத்1-இல் அனுப்ப வேண்டுமானால் அப்ளிகேஷனிலேயே மூல முகவரியைக் குறிப்பிட வேண்டும்.

இணைப்பு எதையும் தொடங்காமலே பாக்கெட் அனுப்பும் யுடிபியில் இன்னும் கவனம் வேண்டும். எல்லா முகவரியிலும் கேட்கிறேன் என்று 0.0.0.0-இல் திறந்துவைத்த ஒரு யுடிபி சேவைக்கு 192.168.1.11 வழியாகக் கேள்வி வந்தால், பதில் 192.168.1.10 என்ற மூலத்தோடு போய்விடலாம். கேட்டவர் வேறு யாரோ பேசுகிறார்கள் என்று அதை ஒதுக்கிவிடுவார். ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனியாக சாக்கெட் திறக்கும்படி சேவையை அமைப்பதே இதற்கு வழி.

மடிக்கணினியில் கேபிளும் வைஃபையும்

இதே விஷயம் சர்வர் பக்கமே போகாதவர்களுக்கும் தினமும் நடக்கிறது. ஒரே ரூட்டரில் கேபிளும் வைஃபையும் இணைந்திருந்தால் ஒரே சப்நெட்டில் இரண்டு கார்டுதான். அங்கே இது பெரிதாகத் தொந்தரவு செய்யாததற்குக் காரணம் மெட்ரிக். நெட்வொர்க் மேனேஜர் ஈதர்நெட்டுக்கு 100, வைஃபைக்கு 600 என்று வைக்கிறது. குறைந்தது ஜெயிக்கும் என்பதால் கேபிள் இருக்கும்வரை புதிய இணைப்புகள் எல்லாம் கேபிளில். விண்டோஸ் லிங்க் வேகத்தைப் பார்த்துத் தானே மெட்ரிக்கை வைத்துக்கொள்கிறது. வேகம் கூடுவதில்லை, ஆனால் எது முதலில் என்பது தெளிவாக இருக்கிறது.

விண்டோஸ் சர்வரில் வலுவான மாதிரி இருப்பதால் கேள்வி வந்த கார்டிலேயே பதில் போகும். ஆனால் ஒரே வேகமுள்ள இரண்டு கார்டுகளுக்கு ஒரே மெட்ரிக் வரும், புதிய இணைப்பு எதில் போகும் என்பது நம் கையில் இருக்காது. பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸில் இரண்டு முகவரியும் பதிவாகிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். அங்கே பாண்டிங்குக்கு இணையானது டீமிங், சர்வர் 2012 முதல் இயங்குதளத்திலேயே இருக்கிறது. கோப்புப் பகிர்வுக்கு மட்டும் வேகம் தேவை என்றால் எஸ்எம்பி என்ற விண்டோஸ் கோப்புப் பகிர்வு முறையின் மல்டிசேனல் வசதி போதும். எஸ்எம்பி 3.0-உடன் வந்த இது பல கார்டுகளை ஒரே நேரத்தில் பயன்படுத்தும். கிளஸ்டர்களில் ஒரே சப்நெட்டில் பல கார்டு வைப்பது சர்வர் 2016-இலிருந்து முறையாகவே ஆதரிக்கப்படுகிறது.

சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பிங் போகிறது என்பது இங்கே எதையும் நிரூபிக்காது, அதை ஆரம்பத்திலேயே பார்த்தோம். முதலில் சர்வரில் ஐபி ரூட் கெட் கட்டளையை ஓட்டி, 192.168.1.11-இலிருந்து 192.168.1.50-க்கு எந்த வழி என்று கேளுங்கள். பதிலில் ஈத்1 வர வேண்டும். மூலத்தை 192.168.1.10 என்று மாற்றிக் கேட்டால் ஈத்0. இதில் ஈத்1 வராவிட்டால் விதிகள் சரியில்லை, மேலே போக வேண்டாம்.

அடுத்து கிளையன்டில் பழைய ஏஆர்பி பட்டியலை அழித்துவிட்டு இரண்டு முகவரிக்கும் பிங் செய்து, பட்டியலைத் திரும்பப் பாருங்கள். 192.168.1.10-க்கு எதிரே 01, 192.168.1.11-க்கு எதிரே 02 என்று இரண்டு வெவ்வேறு மேக் இருக்க வேண்டும். பட்டியலை அழிக்காமல் பார்த்தால் முந்தைய அமைப்பின் எச்சம்தான் தெரியும்.

பிறகு கிளையன்டில் 192.168.1.11-இலிருந்து ஒரு பெரிய கோப்பை இறக்கிக்கொண்டே, சர்வரில் இரண்டு கார்டுகளின் அனுப்பிய பைட் கணக்கைப் பாருங்கள். ஈத்1-இன் எண் ஏற வேண்டும், ஈத்0-இன் எண் கிட்டத்தட்ட அப்படியே நிற்க வேண்டும்.

சர்வரிலிருந்தே பிங் செய்து சோதிப்பவர்களுக்கு ஒன்று: பிங் கட்டளைக்குக் கார்டின் பெயரைக் கொடுப்பதும், முகவரியைக் கொடுப்பதும் ஒன்றல்ல. பெயரைக் கொடுத்தால் அந்தக் கார்டிலேயே பிணைத்து அனுப்பும், உங்கள் விதிகள் தப்பாக இருந்தாலும் போகும். முகவரியைக் கொடுத்தால் மூலத்தை மட்டும் அமைத்துவிட்டு வழியை ரூட்டிங்கிடம் விடும். விதிகளைச் சோதிக்க வேண்டுமானால் முகவரியைத்தான் கொடுக்க வேண்டும்.

எல்லாம் தேறியதும் ஈத்0-இன் கேபிளைக் கையால் கழற்றிவிட்டு 192.168.1.11 இன்னும் பேசுகிறதா என்று பாருங்கள், அப்புறம் சர்வரை ஒருமுறை ரீபூட் செய்து மேலே சொன்ன சோதனைகளை மறுபடி ஓட்டுங்கள். கட்டளை வரியில் கொடுத்த விதிகளும் கெர்னல் அமைப்புகளும் ரீபூட்டில் அழிந்துவிடும். விதிகளையும் டேபிள்களையும் நெட்பிளான் அல்லது நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்பிலும், ஏஆர்பி மற்றும் ஃபில்டர் மதிப்புகளை கெர்னல் அமைப்புகளுக்கான சிஸ்சிடிஎல் கோப்பிலும் எழுதி வைத்தால்தான் அடுத்த மின்வெட்டுக்குப் பிறகும் அவை இருக்கும்.